தரைப் பயிற்சியில் இருவர் ஆட்டம்

பனிக்கட்டித் தளத்தின்மீது ஆடப்பெறும் ஹாக்கியைக் குறித்து யாம் எழுதப் புகுந்தமை கண்டு முறுவலிப்பார் சிலர் இருக்கக்கூடும். எம் கல்லூரி மைதானத்திற் பனி உறைந்ததாக எவருங் கேட்டதில்லை. வைகாசி மாதத்து நண்பகலில் அம்மைதானத்தில் நின்றோர்க்கு அவ்வாட்டம் ஒரு கட்டுக்கதை போலவே தோன்றும். ஆயினும் அவ்வாட்டத்தைச் சார்ந்த வழக்கொன்று உளது. பனியின்மீது வேண்டப்படும் திறத்தைப் பனியில்லாத தரையில் வளர்ப்பது எங்ஙனம் என்பதே அவ்வழக்கு. தேகப்பயிற்சியில் நாட்டமுடையார் யாவர்க்கும் அது சிந்தனைக்குரியதாகும். அதிற் பயிற்சியாளர் பலர் ஒருபுறமே சாய்ந்து நிற்கின்றனர் என்பது எமது துணிபு.

ஆட்டத்தை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். வட அமெரிக்கத் தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. நாற்புறமும் பலகைச் சுவர். ஒவ்வொரு கட்சியிலும் கோல் காவலர் உட்பட அறுவர் ஆடுவர். பந்துக்குப் பதிலாக, 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்புமுள்ள 'பக்' என்னும் கடினமான ரப்பர் வில்லையைக் கோலால் அடித்தும் தள்ளியுஞ் செல்வர். 20 நிமிஷங் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். ஆயினும் வீரர் ஒருவர் ஒரே மூச்சில் தளத்தில் நிற்பது முக்கால் நிமிஷ அளவே. அதற்குமேல் அவருடைய கால்கள் முன்போல் ஏவல் கேளா. அவர் வெளியேற மற்றொருவர் இறங்குவார்.

அந்த முக்கால் நிமிஷத்தில் நிகழ்வதை உற்று நோக்குவோமாக. பக் மூலையிற் சென்று பலகைச் சுவரையொட்டி நிற்கிறது. இருவர் அதனை நோக்கி விரைகின்றனர். முந்திச் சேர்ந்தவர் தம் முதுகை எதிரிக்குக் காட்டி, இடுப்பைத் தாழ்த்திக் கால்களை அகல ஊன்றி, தம் உடலையே வேலியாக்கிக்கொள்கிறார். பிந்தியவர் அவ்வேலியைச் சுற்றிவரப் பார்க்கிறார். அல்லது, ஒருவர் பக்கைக் கொண்டு பாய்ந்து வருகிறார். அவரைத் தடுக்க வேண்டியவர் பின்முகமாகவே சறுக்கியவாறு, நெருங்கவும் விடாது விலகவும் விடாது இடைவெளியை அளந்துகொண்டே செல்கிறார். பன்னிருவர் ஆட்டம் என்பது பெயரளவில் உண்மை. கணத்துக்குக் கணம் அது இருவரது துவந்த யுத்தமாகச் சுருங்கிவிடுகின்றது. இதனை மறுப்பார் அவ்வாட்டத்தை அறிந்தாருள் இலர்.

இனித் தரைப் பயிற்சிக்கு வருவோம். பனித்தளத்தைப் பேணுதற்குப் பெரும் பொருள் வேண்டும். அது கிடைக்கும் நேரமோ குறைவு. ஆதலின் கனடா, ஐக்கிய அமெரிக்க நாடு, ஸ்வீடன், பின்லாந்து, ருஷியா முதலிய தேசங்களில், பனிக்கு வெளியே செய்யும் அப்பியாசம் ஆட்டக்காரனது வாழ்வில் ஒரு பெரும் பங்கினைக் கொண்டுவிட்டது. அங்கே அவன் செய்வன யாவை? பளு தூக்குகிறான்; தாவிக் குதிக்கிறான்; ஒரிடத்தில் நிற்கும் சைக்கிளை மூச்சுத் திணற மிதிக்கிறான்; தரையில் வைத்த கூம்புகளினூடே வளைந்து வளைந்து ஓடுகிறான்; கயிற்றேணியைத் தரையில் விரித்து அதன் கட்டங்களிற் கால் மாற்றி வைக்கிறான். இவற்றை யாம் பழிக்கவில்லை. வலிமையற்ற உடலில் யுக்தி மட்டும் நின்று பயனில்லை. ஆனால் இவையனைத்திலும் அவன் தனியன். அவனுடைய எதிரி ஒரு கடிகாரம். கடிகாரமோ அவனை ஏமாற்ற முயல்வதில்லை.

நேஷனல் ஹாக்கி லீக்கில் இடம்பெற விரும்பும் இளைஞரை ஆண்டுதோறும் பரிசோதிக்கும் முகாம் ஒன்று உண்டு. 2015 முதல் அது பபலோ நகரில் நடந்துவருகிறது. அங்குள்ள சோதனைகளுள் ஒன்று, நடுவில் நின்று ஒருபுறம் 5 கெஜம் ஓடி, திரும்பி மறுபுறம் 10 கெஜம் ஓடி, மீண்டும் 5 கெஜம் ஓடிப் புறப்பட்ட கோட்டைக் கடப்பது. எப்பக்கம் திரும்பவேண்டும் என்பது ஓடுபவனுக்கு முன்னரே தெரியும். அளந்து ஒப்பிடுதற்கு இத்தகைய சோதனை பொருத்தமானதே. எல்லார்க்கும் ஒரே வழி, ஒரே தூரம். தவறு நேர்வது பின்னர்தான். அளக்கப்படுவதையே பயிற்சியின் இலக்காகக் கொண்டு, ஊர்தோறும் பதினான்கு வயதுச் சிறுவரைக் கோடைகாலம் முழுவதும் கூம்புகளைச் சுற்றி ஓடவிடுகின்றனர். கூம்பு அசையாது; தோளைச் சாய்த்துப் பாசாங்கு செய்யாது.

இது வெறும் அபிப்பிராயமன்று. ஷெப்பர்ட், யங் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 2006-ஆம் ஆண்டில், 'சுறுசுறுப்பு' எனப்படுவது யாது என வரையறுக்கப் புகுந்து, புறத்தே தோன்றும் ஒரு தூண்டுதலுக்கு விடையாக உடல் முழுவதும் விரைந்து வேகத்தையோ திசையையோ மாற்றுவதே அஃது என்றனர். தூண்டுதல் இல்லையேல் அது திசைமாற்றம் மட்டுமே, சுறுசுறுப்பன்று. அதே ஆண்டில் ஆஸ்திரேலிய முறைக் கால்பந்தாட்டக்காரரிடையே ஷெப்பர்டும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய சோதனை இன்னும் சுவையானது. உயர்ந்த தரத்தாரும் அவரிற் குறைந்த தரத்தாரும் நேரோட்டத்திலும், முன்னரே அறிந்த திசைமாற்றத்திலும் வேறுபாடின்றி நின்றனர். எதிரே நிற்பவனது அசைவைக் கண்டு திரும்பவேண்டிய சோதனையிலோ உயர்ந்தோர் தனியே தெரிந்தனர். கால்களில் வேற்றுமை இல்லை; கண்ணுக்கும் காலுக்கும் இடையே உள்ள வழியில்தான் வேற்றுமை. அவ்வழியைச் செப்பனிடுதற்கு, அசைந்து ஏமாற்றும் மனிதன் ஒருவன் எதிரே வேண்டும்.

பழைய சான்று வேண்டுவோர் சோவியத் நாட்டை நோக்கலாம். அங்கே இவ்வாட்டத்தின் முதற் சாம்பியன் போட்டி 1946-ஆம் ஆண்டிறுதியில்தான் தொடங்கிற்று. செயற்கைப் பனித்தளங்கள் போதாத அந்நாளில், அனதோலி தராசொவ் என்னும் பயிற்சியாளர் (1918-1995) தம் வீரரைத் தரையிலேயே வாட்டியெடுத்தார். கால்பந்தும் பளுவும் குட்டிக்கரணமும் அவருடைய பாடத்தில் இடம்பெற்றன. 1954-இல் ஸ்டாக்ஹோம் நகரில், தாம் முதன்முறை கலந்துகொண்ட உலகப் போட்டியிலேயே சோவியத்தார் கனடாவை 7-2 என வென்று பட்டம் பெற்றனர். (கனடாவின் சார்பில் வந்தது அமெச்சூர் சங்கமொன்றே என்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும்.) 1972 செப்டம்பரில் கனடாவின் தொழில்முறை வீரரே எட்டு ஆட்டங்களில் அவர்களைச் சந்தித்தபோது, மான்ட்ரியால் நகரின் முதலாட்டத்தில் சோவியத்தார் 7-3 என வென்றமை அத்தேசத்தைத் திடுக்கிடச் செய்தது. ஆயினும் இறுதியில் நான்கு வென்று, மூன்று தோற்று, ஒன்றைச் சமன் செய்து கனடாவே தொடரைக் கைப்பற்றிற்று. எட்டாம் ஆட்டத்தின் முடிவுக்கு 34 விநாடிகளே எஞ்சியிருந்தபோது வெற்றிக் கோல் விழுந்தது. இதனின்று இருதரத்தாரும் தத்தமக்கு உகந்த பாடத்தைப் படித்துக்கொண்டனர். எமக்குத் தோன்றுவதோ இது: தரையில் வளர்த்த உடலின் பெருமை முதலாட்டத்தில் வெளிப்பட்டது, எதிரியை விடாது பற்றிநிற்கும் பிடிவாதத்தின் பெருமை கடைசி ஆட்டத்தில் வெளிப்பட்டது. இரண்டையும் ஒரே பயிற்சியில் ஏன் வளர்க்கலாகாது?

வளர்க்கலாம் என்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. முழங்கால் தொடும் ஆட்டம் என ஒன்றுண்டு. இருவர் கைக்கெட்டும் தூரத்தில் முழந்தாள் மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பர். எதிரியின் முழங்காலைக் கையால் தொடவேண்டும். தன் முழங்காலைத் தொடவிடலாகாது. 'தாழ்ந்து நில், தாழ்ந்து நில்' என்று ஆசிரியர் நூறு முறை கூவியும் நிமிர்ந்தே நிற்கும் சிறுவன், இவ்வாட்டத்தில் மூன்றாம் முறை தொடப்பட்டவுடன் ஏவுவாரின்றியே தாழ்ந்து நிற்பான். நிழலாட்டம் இன்னொன்று. இரண்டு கோடுகளில் எதிரெதிரே நின்று, ஒருவன் இடமும் வலமும் ஓடி ஏய்க்க, மற்றவன் அவனுக்கு நேராகவே நிற்க முயல்வான். நம் சிறுவரின் கிளித்தட்டில் கோடு காப்பவன் செய்வது ஏறத்தாழ இதுவே. டென்னிஸ் பந்தை ஒருவர் கைவிட, அது இரண்டாம் முறை தரையைத் தொடுமுன் இருவருள் எவர் பற்றுவது என்பது மற்றொன்று. குறுந்தடியொன்றை இருவரும் பற்றியிழுத்து, வட்டத்துக்கு வெளியே ஒருவரையொருவர் கொணர முயல்வதும் உண்டு.

இவையனைத்தினும் யாம் மேலாக மதிப்பது இரண்டு. முதலாவது, பந்து காக்கும் ஆட்டம். நாலைந்து அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒருவன் பந்தைத் தன் கால்களருகே வைத்துக்கொண்டு, கைகளாற் பற்றாமலும் தள்ளாமலும், முதுகும் இடுப்பும் கொண்டே எதிரியை மறைக்கவேண்டும். எட்டு விநாடி காத்தால் வெற்றி. பலகைச் சுவரின் மூலையில் நிகழ்வதன் அச்சு அசலான பிரதி இது. எதிரியைக் கண்ணாற் காணாது, முதுகின் ஸ்பரிசத்தால் அவன் எப்பக்கம் சாய்கிறான் என்பதை உணரும் அறிவு இதனால் வளர்கிறது. இவ்வறிவை எந்தக் கூம்பும் கற்பியாது. சற்றுத் தேறியபின், மட்டமான தார்த்தரையிலோ சிமெண்டுத் தரையிலோ கோலுடன் இதனை ஆடலாம்.

இரண்டாவது, வாயில் கடக்கும் ஆட்டம். பத்தடி அகலமும் முப்பதடி நீளமுமுள்ள ஒரு பாதை. ஒருவன் ஒரு முனையினின்று மறுமுனைக்கு, தொடப்படாமல் சேரவேண்டும்; மற்றவன் பின்வாங்கியபடியே அவனைத் தடுத்துத் தொடவேண்டும். தடுப்பவன் அவசரப்பட்டு முன்பாய்ந்தால் மற்றவன் ஒதுங்கிச் சென்றுவிடுவான். அஞ்சிப் பின்வாங்கிக்கொண்டே போனாற் கோடு வந்துவிடும். எதிரியின் கண்ணையும் கோலையும் நம்பலாகாது, மார்பையே நோக்கவேண்டும் என்னும் உபதேசம் அவ்வாட்டத்திற் பழமையானது. சொல்லிக் கேட்டபோது அது ஒரு வாக்கியம். இப்பாதையில் நாலு முறை ஏமாந்தவனுக்கு அது பிரத்தியட்ச அறிவு.

இவ்விடத்திற் பெரும்பாலோர் வாளாவிருக்கும் ஒரு பொருளை யாம் விரித்துரைக்க வேண்டும். போட்டி என்றவுடன் அது தானே பயன் தரும் என்று நினைப்பவர் உளர். யார் யாரோடு ஆடுவது என்பதைப் பொருட்படுத்தாத போட்டி பயனற்றது. பல சமயம் தீமையும் விளைப்பது. பன்னிரண்டு பதின்மூன்று வயதிற் சிறுவர் ஒரே அளவாக வளர்வதில்லை. ஒருவனுக்கு மீசை அரும்பிவிடும். அவனோடொத்த பிராயத்தான் குழந்தைபோலவே நிற்பான். கனடாவின் ஹாக்கியில் வயதுப்பிரிவுகள் டிசம்பர் 31-ஆந் தேதியைக் கொண்டு பகுக்கப்படுவதால், ஜனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகின்றனர். பார்ன்ஸ்லி முதலியோர் 1985-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தவரே அவ்வாட்டத்தின் உயர்படிகளில் மிகுந்திருந்தனர் என்று காட்டிற்று. திறமைக்கும் பிறந்த மாதத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. சிறுவயதிற் பெரியவனாயிருந்தவன் தெரிந்தெடுக்கப்பட்டான், நல்ல பயிற்சி பெற்றான், உயர்ந்தான். டிசம்பரிற் பிறந்தவன் தோற்றுத் தோற்று, தனக்கு இது ஆகாது என்று விலகிவிட்டான். அப்படி விலகினவருள் எத்துணைப் பேர் நல்ல ஆட்டக்காரர் ஆகியிருப்பர் என்பதை எவர் கணக்கிடுவார்? இருவர் ஆட்டத்தை விவேகமின்றி நடத்தினால் இவ்வநீதியை இன்னும் கூர்மையாக்கியவர் ஆவோம். கூட்டத்தில் தோற்பவன் மறைந்து நிற்கலாம். தனித்து ஒருவனோடு பொருது தோற்பவனுக்கு மறைவிடமில்லை.

பரிகாரம் எளியது. ஏணிமுறை என்று அதனைச் சொல்லலாம். ஆறோ எட்டோ இடங்களைத் தரையில் வரிசையாகக் குறித்து, ஒவ்வொன்றிலும் இருவரை நிறுத்துக. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் வென்றவன் ஒரிடம் மேலேறுவான். தோற்றவன் ஒரிடம் கீழிறங்குவான். நாலைந்து சுற்றுக்குள் ஒத்த வலிமையுடையார் தாமாகவே எதிரெதிரே வந்துவிடுவர். ஆசிரியர் ஒருவரையும் 'நீ வலியன், நீ மெலியன்' என்று பெயரிட வேண்டியதில்லை. கடைசி இடத்தில் நிற்பவனுக்கும் வெல்லத்தக்க எதிரி ஒருவன் இருப்பான். ஆட்டத்தை மாற்றினால் ஏணியும் மாறும். பளு மிக்கவன் தடியிழுப்பதில் மேலே நிற்பான். நிழலாட்டத்தில் அவனே கீழே வரக்கூடும். ஒத்த எதிரி வாய்க்காவிடத்து, வலியவனை ஓரடி பின்னே நிறுத்தித் தொடங்குவதும் தகும்.

தோற்றவனைத் தண்டால் எடுக்கச் செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. யாம் அதனை அறவே வெறுக்கிறோம். களைத்தவனை மேலுங் களைக்கச் செய்து, அடுத்த ஆட்டத்திலும் அவனே தோற்குமாறு வழிசெய்வது அது. தோல்வியின் கூச்சமே போதுமான தண்டனை. அதனினும் மேலாக, தேகப்பயிற்சியைத் தண்டனையாகக் கருதும் மனப்பான்மையை எந்த ஆசிரியரும் சிறுவர் உள்ளத்தில் விதைக்கலாகாது.

களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வாட்டங்கள் மூச்சடக்கும் பயிற்சிக்காக ஏற்பட்டவையல்ல. ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து விநாடி வரை நடந்தாற் போதும்; பின்னர் அதைப்போல் நாலைந்து மடங்கு ஓய்வு வேண்டும். அவ்வோய்வின்றி மீண்டும் மீண்டும் ஆடினால், வேகமுங் கூர்மையும் போய் வெறும் இழுபறியே மிஞ்சும். கணுக்காலும் முழங்காலும் பிசகுவது அப்போதுதான். ஆகையால் உடலைச் சூடேற்றியபின், பளு தூக்குமுன், பதினைந்து நிமிஷத்துக்கு மிகாமல் இவற்றை வைத்துக்கொள்வதே உசிதம். தோளும் தலையும் மோதும் ஆட்டங்களை இளஞ்சிறாரிடையே நுழைத்தல் கூடாது. பனித்தளத்திலேயே உடலால் மோதித் தடுக்கும் முறையை ஐக்கிய அமெரிக்க நாட்டு ஹாக்கி ஸ்தாபனம் 2011-லும், கனடா ஸ்தாபனம் 2013-லும், பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டார்க்கு நீக்கிவிட்டன. மோதாமலே இடத்தைக் காக்கும் வித்தையை அவ்வயதினர் எங்கே கற்பது? மேற்சொன்ன பந்து காக்கும் ஆட்டம் அதற்கு விடையாகும்.

எதிர்க்கட்சியாரின் வாதங்களுள் ஒன்று வலியது. தரையிற் கால் ஊன்றி நிற்கும். பனியிலோ இரும்புத் தகட்டின் விளிம்பிற் சறுக்கிச் செல்லவேண்டும். தரையில் திரும்பும் விதமும் பனியில் திரும்பும் விதமும் ஒன்றல்ல. ஆதலின் இவ்வாட்டங்களின் பயன் பனிக்கு மாறிச் செல்லாது என்பர். காலடியைப் பொறுத்தவரை அவர் கூற்றை யாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே குறை கூம்போட்டத்துக்கும் கயிற்றேணிக்கும் இன்னும் மிகுதியாகப் பொருந்துமன்றோ? அங்கே காலடியும் பனிக்குரியதன்று, எதிரியுமில்லை. இங்கே காலடி வேறாயினும், எதிரியின் இடுப்பைப் படிக்கும் கண்ணும், தாழ்ந்து நிற்கும் பழக்கமும், 'இவன் என்னைக் கடக்க விடேன்' என்னும் உறுதியும் உடன்செல்லும். சறுக்கலைச் சறுக்கித்தான் கற்கவேண்டும். அதை எவரும் தரையிற் கற்பிப்பதாகச் சொல்லவில்லை.

பயிற்சியாளர் கட்டளையில்லாத நேரத்தில் வீரர் தாமே நாடுவது எதை என்பதும் கவனிக்கத்தக்கது. நேஷனல் ஹாக்கி லீக் வீரர் பலர் ஆட்டத்துக்கு முன், அரங்கின் நடைகளில் வட்டமாக நின்று, கால்பந்தைக் கீழே விழவிடாது உதைத்துக்கொண்டிருப்பர். தவறவிட்டவன் வெளியேறுவான், கடைசியில் இருவர் எஞ்சுவர். பெருஞ்சம்பளம் வாங்கும் மனிதர், ஒருவரும் ஏவாமலே, உடலைச் சூடேற்றக்கூட ஒரு போட்டியைத் தேர்ந்துகொள்கின்றனர்.

இவ்வழக்கு நம் தேசத்துக்கும் முற்றிலும் அயலானதன்று. லடாக்கில் ஐஸ் ஹாக்கி மக்களின் விருப்ப விளையாட்டாக வேரூன்றியிருக்கிறது. 1989-இலேயே இந்தியா சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்திற் சேர்ந்தது. 2025-ஆம் ஆண்டில் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் நம் பெண்கள் அணி வெண்கலப் பதக்கம் பெற்றது. அவ்வணியிற் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர். லே நகரில் இயற்கைப் பனி ஆடத்தக்கதாக உறைந்திருப்பது ஆண்டில் இரண்டு மாத அளவே. ஆகவே அங்குள்ள சிறுமிக்கும் சிறுவனுக்கும் தரைப் பயிற்சி என்பது பனிப்பயிற்சிக்குத் துணையன்று. பத்து மாதங்கள் அதுவே பயிற்சி. கிராமங்களில் விலையுயர்ந்த பளுக்கருவிகள் எளிதிற் கிட்டா. ஒத்த வயதுத் தோழன் ஒருவன் கிட்டுவான். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் மூச்சு விரைவில் முட்டுமாதலால், மேற்சொன்ன ஓய்வை இன்னும் நீட்டவேண்டும். வேறு மாற்றம் வேண்டியதில்லை.

கணக்கிட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு இருமுறை, முறைக்குப் பதினைந்து நிமிஷம், ஒரு முறையிற் பதினைந்து ஆட்டம் என வைத்துக்கொண்டால், பனியில்லாத நாற்பது வாரங்களில் மொத்தம் இருபது மணி நேரமே செலவாகும். அதற்குள் அச்சிறுமி தன்னைக் கடக்க முயலும் ஒருத்தியை 1,200 முறை எதிர்நின்று சந்தித்திருப்பாள். மார்கழிக் கடைசியில் ஏரி உறைந்து அவள் காலணி பூட்டும்போது, சறுக்கல் சற்று மறந்திருக்கலாம்; இரண்டொரு வாரத்தில் அது மீளும்.